தரைக்கு அடியில் அடுப்பு

(கொத்துவேலைக் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற ஓவர்சியர் ஒருவரின் பதில்கள்)

போன இதழில் தேன்கனிக்கோட்டை வாசகி ஒருவர், மார்கழி விடியற்காலையில் டைல்ஸ் தரையில் கால் வைக்க முடியவில்லை என்று குறைப்பட்டிருந்தார். பதிலின் கடைசியில், ரோமானியர்கள் தரைக்குக் கீழே நெருப்பு மூட்டினார்கள், நமக்கு ஒரு கோரைப்பாய் போதும் என்று போகிற போக்கில் எழுதிவைத்தேன். கோரைப்பாயைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ரோமானியத் தரையைப் பற்றி மட்டும் கட்டாகக் கடிதங்கள். வாஸ்து கேட்டவர்களும் மொட்டைமாடி ஒழுகல்காரர்களும் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

நெருப்பை வீட்டுக்கு அடியில் வைத்தால் வீடு பற்றிக்கொள்ளாதா? அந்தத் தரையை எதனால் செய்தார்கள்?
– அதே வாசகி, தேன்கனிக்கோட்டை

பற்றிக்கொள்ள அங்கே மரமே கிடையாது, அம்மா. தரைக்கு அடியில் இருப்பதெல்லாம் சூளையில் ஒருமுறை வெந்து வந்த மண். உங்கள் பாட்டி வீட்டில் கொடி அடுப்பு இருந்திருக்கும். விறகு வைப்பது ஒரு வாயில். பக்கத்துக் குழியில் விறகே இல்லாமல் ரசம் கொதிக்கும். உள்ளே விட்ட வழியாக அனல் அங்கே போகிறது. அந்த வழியை ஓர் அறையின் அகலத்துக்கு விரித்து, பாத்திரத்துக்குப் பதிலாக மேலே தரையை ஏற்றினால், அதுதான் ஹைப்போகாஸ்டம். கிரேக்கத்திலிருந்து வந்த பெயர். கீழிருந்து எரிப்பது என்று பொருள். அடுப்பு வாய் அறைக்கு வெளியே இருக்கும். விறகு தள்ளும் அடிமை புகையோடு வெளியே நிற்பான், முதலாளி உள்ளே வியர்த்துக்கொண்டிருப்பார்.

கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர் எழுதிவைத்த முறை இன்றும் கையில் இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு ஒரு நல்ல கொத்தனாரோடு பேசிக்கொண்டிருந்த நிறைவு வந்தது. முதலில் அடித்தளம். ஒன்றரை அடிச் சதுர ஓடுகளைப் பரப்ப வேண்டும். ஆனால் மட்டமாக அல்ல, அடுப்பு வாயை நோக்கிச் சாய்வாக. எவ்வளவு சாய்வு? உள்ளே ஒரு பந்தை எறிந்தால் அது அங்கே தங்காமல் தானே உருண்டு அடுப்பு வாய்க்குத் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான் அளவு! ரசமட்டமும் நூலும் இல்லாமல் ஒரு பந்தை வைத்து வேலையைச் சரிபார்க்கச் சொல்கிறார். சாய்வு இருந்தால் தீ இயல்பாகவே மேலேறி அறையின் கடைக்கோடி வரை போகும்.

அதன்மேல் இரண்டடி உயரத்துக்குக் குட்டைத் தூண்கள். ஓர் அடியில் மூன்றில் இரண்டு பங்கு அளவுள்ள சதுரச் செங்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை. ரோமானிய அடி நம் அடியைவிடக் கொஞ்சம் குறைவு, சுமார் 29.6 செ.மீ. எனவே அந்தச் சிறிய கல், பெயர் பெஸ்ஸாலிஸ், ஏறக்குறைய 19.7 செ.மீ. வருகிறது. இன்றைக்கு நம் அரசாங்க அளவுச் செங்கல்லின் நீளம் 19 செ.மீ. என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கைக்கு அடங்கும் கல் எந்த ஊரிலும் ஏறத்தாழ அந்த அளவில்தான் வந்து நிற்கிறது போலும்.

தூண்களின் தலையில் இரண்டடிச் சதுர ஓடு. இதற்குப் பெயர் பிபெடாலிஸ். இங்கேதான் கணக்கின் அழகு. தூணுக்குத் தூண், மையத்திலிருந்து மையம் வரை இரண்டடி. ஆகவே ஓட்டின் நான்கு மூலையும் நான்கு தூணின் தலையில் கால்பங்கு கால்பங்காக உட்காரும். ஒவ்வொரு தூணும் நான்கு ஓடுகளின் மூலையைத் தாங்கும். ஓர் ஓடுகூட வெட்ட வேண்டியதில்லை, ஒரு சட்டமும் கொடுக்க வேண்டியதில்லை. செங்கல் அறுக்கிறவன் அச்சைச் செய்த அன்றைக்கே அறையின் அளவு முடிவாகிவிட்டது. அந்த ஓடு 6 செ.மீ. கனம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். ஒன்று 35 கிலோவைத் தாண்டுகிறது. இரண்டடி அகலப் பச்சைக்கல்லைக் கோணாமல் காயவைத்து, வெடிக்காமல் சுட்டெடுப்பது எவ்வளவு பாடு என்று சூளைக்காரன் மகனான எனக்குத் தெரியும். எங்கள் அப்பா பாலக்கோட்டுப் பக்கம் சூளை போட்டிருந்தார். ஒன்பது அங்குலக் கல்லுக்கே நூற்றுக்குப் பத்து கோணிக்கொள்ளும்.

தூண் அடுக்க என்ன சாந்து? சுண்ணாம்பு இல்லை. களிமண்ணில் மயிர் கலந்து பிசைந்ததைப் போடச் சொல்கிறார் விட்ருவியஸ். நம்மூரில் குதிருக்கும் சுவர்ப்பூச்சுக்கும் வைக்கோல் வெட்டிப் போட்டு மிதிப்பது எதற்கோ, அதே காரணம்தான்: காயும்போது மண் வெடிக்காது. களிமண் நெருப்பில் இருக்க இருக்க இறுகும். நெருப்புக்கு முன்னால் சுண்ணாம்பும் சிமெண்டும் எதிர்த்திசையில் போகும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை; கதையைக் கீழே சொல்கிறேன்.

செங்கல்லுக்கு ஏன் அலைய வேண்டும்? எங்கள் மாவட்டமே கருங்கல். கருங்கல் தூண் வைத்தால் ஆயிரம் வருடம் நிற்காதா?
– வாசகர், கிருஷ்ணகிரி

வெயிலில் நிற்கும். நெருப்பில் நிற்காது. உங்கள் ஊர்க்காரருக்கு இதைச் சொல்வது எனக்கே கூச்சமாக இருக்கிறது. வெடிமருந்தும் இயந்திரமும் வருவதற்கு முன் உங்கள் பக்கத்துக் கல் உடைப்பவர்கள் பாறையை எப்படிப் பெயர்த்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். வழவழப்பான பாறை முதுகில் விறகைப் பரப்பி எரித்து, நெருப்பை மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டே போவார்கள். சூடான மேல்பட்டை விரியும், அடியில் குளிர்ந்த பாறை விரியாது. சிறு சத்தத்தோடு அப்பளம் போல் பலகை பிரியும். அந்தச் சத்தத்தைக் காதை வைத்துக் கேட்டே, நெருப்பு எங்கே வந்திருக்கிறது என்று சொல்லும் கிழவர் ஒருவரைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன்.

கருங்கல்லில் இருக்கும் வெண்கல்மணி, அதாவது குவார்ட்ஸ், 573 டிகிரியில் உள்ளமைப்பு மாறிச் சட்டென்று ஊதும். பக்கத்து மணிகள் அதற்கு இடம் கொடுக்காது. விரிசல்தான். ரோமானியர்களும் சில இடங்களில் கல்தூண் வைத்துப் பார்த்தவர்கள்தான். ஆனால் அடுப்பு வாய்க்குப் பக்கத்தில் செங்கல்லையும் ஓட்டையும் நம்பினார்கள். உங்கள் கருங்கல்லை வாசற்படிக்கு வையுங்கள்.

தரை சூடாகும் சரி, புகை எங்கே போகும்? சுவருக்குள் குழாய் வைத்தார்களாமே?
– பாலிடெக்னிக் மாணவி, பென்னாகரம்

நல்ல கேள்வி. தேர்வில் வராது, அதனால் தைரியமாகப் படிக்கலாம்.

முதலில் செய்தது எளிய வேலை. ஒரு பக்கம் நான்கு மூலையிலும் முலைக்காம்பு போல் மேடு வைத்த தட்டையான ஓடு. மேட்டுப் பக்கத்தைச் சுவரை நோக்கி வைத்து ஆணியடித்தால், சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி கிடைக்கும். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரத்துக் குளியல் கூடங்களில் இதைக் காணலாம். ஈரம் ஏறும் சுவருக்கும் இதே வகை ஓடுகளைத்தான் விட்ருவியஸ் சொல்கிறார். ஓதம் தின்ற சுவரோடு ஆண்டுதோறும் மல்லுக்கட்டும் வாசகர்கள் அந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

அடுத்து வந்தது பெட்டிக்குழாய் ஓடு. இரண்டு பக்கமும் திறந்த, நீள்சதுர வாயுள்ள மண்குழாய். ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவர் உயரத்துக்கு அடுக்கி, இரும்புப் பிடிகளால் சுவரோடு கட்டி, மேலே பூசிவிடுவார்கள். பக்கவாட்டிலும் துளை இருக்கும். ஒரு வரிசை அனல் பக்கத்து வரிசைக்குப் பரவ வழி. தரைக்கடியில் சுற்றிய அனல் இவற்றில் ஏறி மேலே வெளியேறும். செனெக்கா என்ற அறிஞர் கி.பி. முதல் நூற்றாண்டில், சுவருக்குள் குழாய் பதித்து மேலும் கீழும் ஒரே சீராகச் சூடேற்றும் வேலை தம் நினைவுக்காலத்தில் வந்தது என்று ஒரு கடிதத்தில் குறிப்பிடுகிறார். பெருமையாக அல்ல, சலிப்போடு. சொகுசு அவருக்குப் பிடிக்காது.

இனி எனக்குப் பிடித்த இடம். வழவழப்பான ஓட்டில் பூச்சு ஒட்டாது. நம் கொத்தனார் கான்கிரீட் தூணில் கொத்து விடுவார். ரோமானியச் சூளைக்காரன் பச்சையாக இருக்கும்போதே சீப்பு போன்ற கருவியால் அலை அலையாகக் கீறினான். தெற்குப் பிரிட்டனில் சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், உருவம் செதுக்கிய மர உருளையை ஈரக் களிமண்மேல் உருட்டினார்கள். சாய்சதுரம், பூ, கட்டம் என்று பல வடிவங்கள் கிடைத்திருக்கின்றன. ஓர் உருளையில் வேட்டைநாயும் கலைமானும் இருக்கின்றன. யோசித்துப் பார், அம்மா: இந்த நாயும் மானும் சாந்துக்கு அடியில் போகப் போகின்றன. கட்டடம் இடியும் வரை யார் கண்ணிலும் படப்போவதில்லை. வெறும் கீறல் போதும். இருந்தும் எவனோ உட்கார்ந்து மரத்தில் மான்கொம்பு செதுக்கியிருக்கிறான்.

பட்டுப்புழு மனைக்குக் குளிர்காலத்தில் கரி அடுப்பு வைக்கிறோம். இந்த மாதிரி தரை போட்டால் செலவு மிச்சமாகுமா?
– பட்டு விவசாயி, பாலக்கோடு

போடாதீர்கள் என்பதே பதில். ஏன் என்று சொல்கிறேன். இதில் என் மானமும் கொஞ்சம் இருக்கிறது.

தளிக்குப் பக்கத்தில் என் அக்கா வீடு. தளிக் குளிர் உங்களுக்குத் தெரியும். 1994இல், வேலையில் நல்ல திமிரோடு இருந்த காலம், அக்காவுக்கு மூட்டுவலி என்று பத்துக்குப் பத்து அறையில் நானே இந்தத் தரையைப் போட்டுக் காட்டுகிறேன் என்று இறங்கினேன். ஒன்பது அங்குலக் கல்லில் தூண். சிமெண்ட் கலவை, ஒன்றுக்கு ஆறு. மேலே கடப்பாக்கல். அதன்மேல் சிமெண்ட் தரை, சிவப்பு ஆக்சைடு போட்டு மெழுகிப் பளபளவென்று. அடித்தளத்தை மட்டம் பிடித்துத் துல்லியமாகப் போட்டேன். பந்து விஷயம் அப்போது எனக்குத் தெரியாது.

முதல் நாள் தைல மரச் சுள்ளி எரித்தோம். தீ உள்ளே போக மறுத்து அடுப்பு வாயிலேயே திரும்பி என் புருவத்தைக் கருக்கியது. இரண்டாம் நாள் புகைக்குழாயை உயர்த்தினேன், கொஞ்சம் இழுத்தது. தரை சூடேற ஒரு பகல் ஒரு இரவு பிடித்தது. மூன்றாம் நாள் இரவு கட்டிலுக்கு அடியில் "டப்" என்று ஒரு சத்தம். தரையில் மயிரிழை விரிசல். அதிலிருந்து நூல் நூலாகப் புகை. அக்கா கம்பளியோடு திண்ணைக்கு வந்து உட்கார்ந்து, "குளிரில் செத்தாலும் சாகிறேன் தம்பி, புகையில் சாக மாட்டேன்" என்றார். மாமா ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் மோசம்.

மறுவாரம் உடைத்துப் பார்த்தேன். அடுப்பு வாய்க்கு அருகிலிருந்த தூணில் சிமெண்ட் கலவையை விரலால் தேய்த்தால் மாவு போல் உதிர்ந்தது. செங்கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, கருத்திருந்தது, அவ்வளவே. கடப்பாக்கல் என்பது சுண்ணாம்புக்கல் இனம். அது குறுக்கே இரண்டாகப் பிளந்திருந்தது. சிமெண்ட் இறுகுவது தண்ணீரைத் தனக்குள் கட்டிப்போட்டு. நெருப்பு அந்தத் தண்ணீரை விரட்டிவிட்டால் பிடிமானம் எங்கே இருக்கும்? பாலக்கோட்டு மண்ணையும் ஆட்டுமயிரையும் பிசைந்து வைத்திருந்தால் தூணாவது நின்றிருக்கும்.

உங்கள் மனைக்கு வருகிறேன். இளம்புழுவுக்கு 27, 28 டிகிரி, வளர்ந்த புழுவுக்கு 24, 25 டிகிரி வேண்டும். ரோமானியத் தரை மந்தமான யானை. சூடேறவும் நேரம் எடுக்கும், ஆறவும் நேரம் எடுக்கும். நாள் முழுக்கக் குளிர் மாறாத ஊருக்கு அது சரி. இங்கே ராத்திரி குளிர், பகல் பதினொரு மணிக்கு வெயில் சுடும். தரை அதற்குள் இறங்காது, புழு வதங்கும். எல்லாவற்றையும்விட, ஒரு விரிசல் போதும், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு உள்ளே வரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. இப்போது நீங்கள் வைக்கும் கரி அடுப்பிலும் அதே ஆபத்து உண்டு. மேல் ஜன்னலை ஒரு சாண் திறந்து வையுங்கள், மனைக்குள் படுத்துத் தூங்கவே தூங்காதீர்கள். வீட்டில் தரைச்சூடு வேண்டுமென்று ஆசைப்படும் வசதிக்காரர்கள் தரைக்குள் சுடுதண்ணீர்க் குழாய் விடலாம். அதில் நெருப்பு வெளியே, தண்ணீர் மட்டும் உள்ளே.

பழைய வீட்டை இடிக்கிறோம். உடைந்த நாட்டு ஓடும் செங்கல்லும் மலையாகக் கிடக்கிறது. பள்ளத்தில் கொட்டலாமா?
– வாசகர், அரூர்

கொட்டாதீர்கள். ரோமானியத் தரையின் மேல்பாதியே இந்தக் குப்பைதான். இரண்டடி ஓட்டின்மேல் அவர்கள் சுண்ணாம்போடு இடித்த ஓட்டுத்தூளையும் சிறு துண்டுகளையும் கலந்து கனமாகப் போட்டுக் கெட்டித்தார்கள். உடைத்த முகம் இளஞ்சிவப்பாக இருக்கும். ஆற்று மணலில் மூன்றில் ஒரு பங்கு சலித்த ஓட்டுத்தூள் சேர்த்தால் சாந்து மேம்படும் என்பதும் விட்ருவியஸ் சொன்னதே.

நமக்கு இது புதிதல்ல. சுர்க்கி, அதாவது செங்கல்தூள், என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையில் சுண்ணாம்பும் சுர்க்கியும் உண்டு. பழைய மெட்ராஸ் மொட்டைமாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். மிதமாகச் சுட்ட களிமண் சுண்ணாம்போடு சேர்ந்து கல்லாகும். காற்றுப் படாத இடத்திலும் தண்ணீருக்கு அடியிலும் இறுகும். வெறும் சுண்ணாம்பால் அது முடியாது. இதில் ஒரு வேடிக்கை: சுவர் கட்டக் கணீரென்று ஒலிக்கும் செங்கல்லைத் தேடுகிறோமே, தூளுக்கு அது உதவாது. அதிகம் வெந்து கண்ணாடியாகிவிட்ட கல் சுண்ணாம்போடு சேராது. கொத்தனார் ஒதுக்கித் தள்ளும் அரைவேக்காட்டுக் கல்தான் நல்ல சுர்க்கி தரும். பச்சை மண் மட்டும் கலந்துவிடக் கூடாது. சிமெண்ட் பூச்சு ஒட்டிய துண்டுகளைப் பொறுக்கி விலக்கிவிட்டு, மீதியை இடித்துச் சலித்து மூட்டையில் கட்டுங்கள். மொட்டைமாடியில் தட்டை ஓடு பதிக்கும்போது என்னை நினைப்பீர்கள்.

இந்த ரோமானியச் சூட்டுத்தரையைக் கண்டுபிடித்தவர் யார்?
– வாசகர், காவேரிப்பட்டணம்

செர்ஜியஸ் ஒராட்டா என்ற சிப்பி வியாபாரி என்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. இத்தாலியின் பாயா கடற்கரையில் முதன்முதலில் சிப்பி வளர்த்தவரும் இவரே. தொங்கும் குளியலறையையும் (அடியில் வெற்றிடம் விட்டு நிற்கும் தரை என்று பலர் பொருள் கொள்கிறார்கள்) கண்டுபிடித்தார் என்று கி.மு. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டிச் சொல்கிறார்கள். அவர் செய்தது என்ன என்பதில் ஆய்வாளர்களுக்குள் சண்டை இருக்கிறது. கிரேக்கர்களும் அந்தக் காலத்தில் தரையைச் சூடாக்கிப் பார்த்தவர்கள். என் அனுபவத்தில் கட்டட வேலையில் எதையும் ஒருவர் கண்டுபிடித்ததில்லை.

யவனர்கள் தமிழ்நாட்டுக்கு வந்தார்களே, நம் தகடூரில் அதியமான் அரண்மனையில் இப்படித் தரை இருந்திருக்குமா?
– ஆசிரியர், தருமபுரி

ஆசை நியாயமானது, ஆனால் சான்று கிடையாது. நெடுநல்வாடையை எடுத்துப் பாருங்கள். யவனர் செய்த பாவை விளக்கு அதில் அரண்மனைக்குள் நிற்கிறது. அதே பாட்டில் வாடைக்காலத்து ஊர்மக்கள் அகன்ற வாயுள்ள தடவில், அதாவது கணப்புச் சட்டியில், நெருப்பிட்டுக் குளிர் காய்கிறார்கள். விளக்கு கப்பலேறி வந்தது, தரை வரவில்லை. வருடத்தில் இரண்டு மாதக் குளிருக்கு ஒரு மண்சட்டியும் நாலு கரித்துண்டும் போதுமென்று நம் ஆட்கள் நினைத்திருப்பார்கள். 1994இல் எனக்கு அந்தப் புத்தி இல்லை.

அந்த ரோமானிய ஓடுகளில் செய்தவர் பெயர் இருக்குமா?
– பத்தாம் வகுப்பு மாணவன், ஊத்தங்கரை

படைக்குச் சொந்தமான சூளைகளில் படைப்பிரிவின் முத்திரை இருக்கும். பிரிட்டனில் ஹோல்ட் என்ற இடத்தில் 20ஆம் லீஜியன் என்ற ரோமானியப் படைப்பிரிவு சூளை வைத்துச் செஸ்டர் கோட்டைக்கு ஓடு அனுப்பியது. லீஜியன் பெயரும் எண்ணும் பதித்திருக்கும், கூரை விளிம்பு ஓட்டில் அவர்களின் காட்டுப்பன்றிச் சின்னமும் உண்டு. டோவர் துறைமுகத்தில் கிடைத்தவற்றில் ரோமானியக் கடற்படையின் முத்திரை. சிலவற்றில் விரலால் இழுத்த அரைவட்டம் மட்டும் இருக்கும், அது அறுத்தவனின் அடையாளம் என்கிறார்கள்.

முத்திரையில்லாத பல ஓடுகளில் நாயின் பாதம் இருக்கிறது. காயப்போட்ட களத்தில் குறுக்கே ஓடியிருக்கிறது. எங்கள் அப்பாவின் களத்தில் ஆடு. ஓட்டிவிட என்னைத்தான் நிறுத்துவார். நான் பம்பரம் விட்டுக்கொண்டிருப்பேன். குளம்பு பதிந்த கல்லை விற்க முடியாது என்பதால் அவற்றையெல்லாம் எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவருக்கே போட்டார். சுவரில் குளம்புப் பக்கம் வெளியே தெரியும்படி வைத்தது, என்னைக் கடுப்பேற்றத்தான்.